கையைத் தூக்கிக் காட்டியவன்

“போலீஸ்காரரு எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. ‘கையில இருந்தது செவப்புத் துணியா?’ ஆமான்னேன். ‘சரி, போ’ன்னுட்டாரு.”

சொன்னவள் ராமாயி. நல்லவெளிக் களத்தில் சிந்திக் கிடந்த நெல்லைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலை அது நடந்தபோதும் இதே வேலையாக இங்கேதான் இருந்திருக்கிறாள்.

“கேள்விக்கும் ரேஷன் வந்துட்டுது போல” என்றேன்.

என் முதலாளி என்னை முறைத்தார். அவர் முறைத்தால் நான் சரியாகப் பேசியிருக்கிறேன் என்று அர்த்தம்.

முதலாளி என்றால் இராஜாங்கம். ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். தஞ்சாவூர் கீழவாசலில் சைக்கிள் கடை மாடியில் ‘இராஜாங்கம் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார். நான் வேம்பு, சீர்காழிக்காரி. டைப் அடிக்கத்தான் என்னைச் சேர்த்தார். சேர்ந்த மாதமே எங்கள் டைப்ரைட்டரில் ‘க’ உடைந்துவிட்டது. ‘க’ இல்லாமல் கொலை, களவு, கடத்தல் எதையும் அடிக்க முடியாதாகையால், என்னை லாம்ப்ரெட்டாவின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். பார்க்கிற ஊரெல்லாம் எங்களைப் பற்றி என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

இன்றைக்கு எங்களை இங்கே இழுத்து வந்தவள் அம்சம். விடிந்தும் விடியாமலும் முதல் பஸ்ஸில் வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தங்கையன் நேற்று மத்தியானத்திலிருந்து பாபநாசம் ஸ்டேஷன் லாக்கப்பில் இருக்கிறான். கொலைக் கேஸ்.

நடந்தது இதுதான். மிராசுதார் பஞ்சநதத்தின் சம்பா அறுவடைக்கு உள்ளூர் ஆட்கள் கூலி கூட்டிக் கேட்டார்கள். அவர் தர மறுத்து வெளியூர் ஆட்களை இறக்கினார். நில உச்சவரம்புச் சட்டம் வந்த கையோடு நிலத்தைப் பிரித்துப் பிரித்து எழுதிவைத்தவர் அவர். வீட்டு நாய் பெயரில் மட்டும்தான் இன்னும் பட்டா இல்லை என்று ஊரில் பேச்சு. நேற்றுக் காலை பனியில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் களத்தை விட்டுக் கிளம்பியது. வழியில் யாரும் மறிக்காமல் இருக்க, மிராசுதாரின் காரியக்காரர் நாகநாதன் டிரெய்லரில் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். குடமுருட்டிப் பாலத்து ஏற்றத்தில் டிரெய்லர் கழன்று பின்னால் உருண்டது, சரிவில் கவிழ்ந்தது. மூட்டைகளுக்கு அடியில் நாகநாதன் செத்துப் போனார்.

டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடிப்பது தடியான ஒரு கொக்கி ஆணி. அது துள்ளி வெளியே வராமலிருக்க அதன் அடியில் குறுக்கே ஒரு லாக் பின் செருகியிருக்கும். விரல் நீளம்தான். கொக்கி ஆணி ரோட்டில் கிடைத்தது. லாக் பின் கிடைக்கவில்லை. யாரோ உருவியிருக்கிறார்கள். களத்தில் சிவப்புத் துணியோடு ஒருவன் நின்றதை ராமாயி பார்த்திருக்கிறாள். வரப்போரம் சிவப்புக் கொடியோடு நின்ற ஆட்களுக்குத் தலைவன் தங்கையன். அவன் முகத்தைப் பார்த்ததாக டிராக்டர் டிரைவரும் சொல்லிவிட்டான். போலீஸ் கணக்கை முடித்துவிட்டது.

“சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்திடுவாங்க சார்” என்று அம்சம் காலையில் சொன்னாள். “உள்ள போயிட்டா அப்புறம் யாரு பாக்கப் போறா? அவர் போயிட்டா எங்க தெருவையே காலி பண்ணச் சொல்லிருவாரு மிராசு.” அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“அந்த ஆள் என்ன செஞ்சாரு, மொதல்லேர்ந்து சொல்லுங்கம்மா” என்றார் சார், ராமாயியிடம்.

முதல் முறையாக ஒருவர் கேட்கிறார் என்பதால் ராமாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

“பனிங்க. மூஞ்சி தெரியல. டிராக்டர் இஞ்சின் புடிச்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த ஆளு சக்கரத்துக்கு அண்டக் குடுத்திருந்த ரெண்டு கல்லையும் எடுத்து, அந்தா, அந்த ஓரமா வச்சாரு. அப்புறம் வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. அங்கங்க தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டச் சுத்தி வருவாங்கல்ல, அந்த மாதிரி.”

“அப்புறம்?”

“பின்னால குனிஞ்சாரு. நிமுந்து வந்து பக்கவாட்டுல வெறப்பா நின்னாரு. கையத் தூக்கிக் காட்டினாரு. கையில செவப்புத் துணி தொங்குச்சு. டிராக்டர் போயிருச்சு.”

“ஆள் எந்தப் பக்கம் ஓடினான்?”

“ஓடலைங்களே.” ராமாயி குரலைத் தாழ்த்தினாள். “அங்கயே நின்னாருங்க. போற வண்டியப் பாக்கல. அண்ணாந்து மேல பாத்துக்கிட்டு நின்னாரு. ரொம்ப நேரம். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. மொறத்தத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”

களத்து ஓரத்தில் அந்த இரண்டு கற்களும் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிரிப்பாகத்தான் ஏதாவது சொல்ல நினைத்தேன்.

“ரொம்ப ஒழுங்கான கொலைகாரன் சார். பொண்ணு குடுக்கலாம்.”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன்” என்றார். “கொல்ல வந்தவன் கல்ல எட்டி உதைப்பான். இவன் அடுக்கி வச்சிருக்கான். கொல்ல வந்தவன் ஓடுவான். இவன் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான். இன்னொண்ணு. லாக் பின்ன உருவினவன் என்ன செய்வான்?”

“வாய்க்கால்ல வீசுவான்.”

“வாய்க்கால்ல இப்ப தண்ணி இல்ல. போலீஸ் களத்துலேர்ந்து பாலம் வரைக்கும் சல்லடை போட்டு சலிச்சிருக்கு. பின்னு இல்ல. எடுத்தவன் அதைக் கையோட கொண்டு போயிருக்கான். செத்தவன் சம்பந்தப்பட்ட பொருள எவன் வீட்டுக்குக் கொண்டு போவான், வேம்பு?”

நான் போய் லாம்ப்ரெட்டாவின் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

*

டிராக்டர் டிரைவர் ரெத்தினம் கடைத்தெரு டீக்கடையில் இருந்தான். தலையில் மப்ளர், கண்ணில் கூலிங் கிளாஸ். எங்களைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தான். சார் அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்து மூன்று டீ சொன்னார்.

எங்கள் சார் டீயைச் சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை. ஆடை படிந்து ஆறி அவலாகும்வரை காத்திருப்பார். யோசிக்கிறார் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறோம்.

“நேத்துக் காலையிலயும் இந்தக் கண்ணாடிதானா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க. நாகூர்ல வாங்கினது.”

“பனியில கூலிங் கிளாஸ். அப்புறம் எப்படித் தங்கையன் மூஞ்சியப் பாத்தீங்க?”

ரெத்தினம் டீயை ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான்.

“பாக்கலைங்க” என்றான் கடைசியில். “மிராசு வீட்ல சொன்னாங்க, அவன்தான்னு. ஸ்டேஷன்லயும் அதையே சொன்னாங்க. நான் ஆமான்னேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

“தங்கையனுக்கும் இருக்கு” என்றேன்.

சார் குறுக்கே வந்தார். “சரிப்பா. ஒருத்தன் முன்னால வந்து நின்னு கையத் தூக்கிக் காட்டுறான். நீ என்ன செஞ்சே?”

ரெத்தினத்தின் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. கண்ணாடியைக் கழற்றினான்.

“நானும் கட்டை விரலத் தூக்கிக் காட்டினேன் சார்.”

“ஏன்?”

“தெரியல. அவர் அப்படி நின்னாரு. நான் பதிலுக்குக் காட்டுற வரைக்கும் கைய எறக்க மாட்டாரு போல இருந்துச்சு. காட்டினேன். உடனே சல்யூட் ஒண்ணு அடிச்சாரு. எனக்கு யாரு சார் சல்யூட் அடிப்பா? மிராசு ஏற்பாடு பண்ண காவக்காரன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“பின்னு இருந்துச்சான்னு பாத்தியா?”

“இருந்துச்சுங்க. சவரியப்பன் அண்ணன் நேத்துக் காலையிலதான் புதுசா போட்டாரு. வண்டி ஸ்டார்ட் ஆகாம மக்கர் பண்ணுச்சு. அவரக் கூட்டியாந்தோம். பழைய பின்னப் பாத்துட்டு, இது ஆகாதுன்னு புதுசு ஒண்ணு வளைச்சு மாட்டினாரு. அப்புறம் இஞ்சின்ல டீசல் பீச்சுற நாசிலக் கழட்டி மண்ணெண்ணெயில கழுவி மாட்டினாரு. இஞ்சின் புடிச்சதும் போயிட்டாருன்னு நெனைக்கிறேன்.”

“யாரு சவரியப்பன்?”

“மெக்கானிக் சார். ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவரு. பங்களாதேஷ் சண்டை முடிஞ்சு வந்துட்டாரு. மாதா கோயில் தெரு.”

வெளியே வந்ததும் சாரின் சட்டைக் கையைப் பிடித்தேன்.

“அங்க போகாதீங்க சார். ‘பின்னு நான் ஒழுங்காத்தான் மாட்டினேன்’னு அவர் சொன்னா, உருவினது நிச்சயம்னு ஆயிடும். தங்கையன் கழுத்துல நாமே கயித்தப் போடுற மாதிரி.”

“தெரியும்” என்றார். டீயை முழுசாக அப்படியே வைத்துவிட்டு வந்திருந்தார். “ஆனா எனக்கு அந்த சல்யூட்ட விட முடியல.”

*

மாதா கோயில் தெருவில் கடைசி வீடு. வாசலில் சைக்கிள் நின்றது. அதன் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்திருந்தது.

கதவுக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். அருள்மேரி, சவரியப்பன் மனைவி. கழுத்தில் பூண்டி மாதா பதக்கம். எங்களைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

“அவருக்கு ஒடம்பு சரியில்லைங்க.”

“ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிடறோம்மா.”

“அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவர எதுவும் கேக்காதீங்க.” கண் சிவந்திருந்தது. இரவெல்லாம் விழித்த கண். “அம்சம் என்கூட நடவு நட்டவ சார். அவளுக்காக நான் ஜெபம் பண்ணிக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல.”

“யாரு மேரி? உள்ள வரச் சொல்லு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நல்ல கணீரென்ற குரல்.

சவரியப்பன் எழுந்து நின்று வரவேற்றார். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். காலையிலேயே சவரம் செய்திருந்தார். சுவரில் ஸ்பானர், குறடு, சுத்தியல் எல்லாம் ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றைச் சுற்றியும் சாக்பீஸால் அதன் உருவத்தை வரைந்திருந்தார்.

“படம் நல்லா வரைவீங்க போல” என்றேன்.

சிரித்தார். “ஒண்ணு கொறைஞ்சா சுவரே சொல்லிரும்மா. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர விமானத்துக்குள்ள விட்டுட்டா அது மேல போய் எங்கயாவது சிக்கிக்கும். அப்புறம் ஆள் இல்ல. அதனால வேல முடிஞ்சதும் மொதல்ல சாமானத்த எண்ணணும். மோதிரம் போட மாட்டோம். சட்டைப் பையில சில்லறை வச்சுக்க மாட்டோம்.”

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“என்ன விமானம் சவரியப்பன்?”

“ஹன்டர் சார்.” அந்தப் பேரைச் சொன்னபோது அவர் கை தானாக மேஜையைத் தடவியது. “சண்டை விமானம். நான் கீழ வேல பாக்கிறவன். ஓட்டறவங்க பேரு பேப்பர்ல வரும், எங்க பேரு வராது. ஆனா அது அவங்க விமானம் இல்ல சார், எங்க விமானம். அவங்களுக்குக் கடன் குடுத்து அனுப்புவோம், அவ்வளவுதான். சுட்டுட்டு வந்தா மூக்கடியெல்லாம் கரி அப்பியிருக்கும். தொடச்சு எடுக்கணும். டிசம்பர் மாசம், பனி. வெறுங்கையால தொட்டா தகடு தோல புடிச்சு இழுக்கும். எண்ணெய் வாசனை தலைமுடியில ஏறிச் சோத்துலயும் வரும்.”

“ஏறினவங்கள நீங்கதான் உள்ள உக்கார வைப்பீங்களா?”

“ஆமா சார். ஏணியில நின்னு பெல்ட்ட இறுக்கி விடணும். எங்க விமானத்துல போனவர் சின்னப் பையன். ‘இன்னும் இறுக்கு சவரி’ம்பார். கடைசியா ஒரு மனுஷ மூஞ்சின்னு அவர் பாக்கிறது என் மூஞ்சி. அதனால சிரிச்சாப்ல வச்சுக்குவேன். அப்புறம் ஏணிய எடுத்திரணும். சக்கரத்துக் கட்டைய எடுத்து ஓரமா வைக்கணும். ஒரு சுத்து சுத்தி எல்லாத்தையும் தட்டிப் பாக்கணும்.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“கடைசியில பின்னு” என்றார் சவரியப்பன். “தரையில நிக்கையில சக்கரம் மடங்கிடாம இருக்க ஒரு பின்னு போட்டிருப்போம். தொலையாம இருக்கச் செவப்புத் துணி கட்டியிருக்கும். அத உருவலன்னா மேல போய் சக்கரம் மடங்காது. சண்டையில சக்கரத்தத் தொங்க விட்டுக்கிட்டுப் போக முடியுமா? அதனால உருவி, பக்கவாட்டுல வந்து நின்னு, கையத் தூக்கி அவருக்குக் காட்டணும். எடுத்துட்டேன், பாத்துக்கங்கன்னு. அவர் கட்டை விரலக் காட்டுவார். சல்யூட் அடிப்போம். போயிருவார்.”

“திரும்பி வந்ததும்?”

“மறுபடி சொருகிருவோம்.”

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். அருள்மேரி நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“ஒரு நாள் போனது நாலு சார். திரும்பறப்ப பனி, ஒண்ணும் தெரியல. சத்தம் மட்டும்தான். மூணு சத்தம். கண்ணுக்குத் தெரியறதுக்கு முந்தியே காதுக்குத் தெரிஞ்சிருச்சு. ஆனா எது இல்லைன்னு தெரியாதுல்ல? ஒவ்வொண்ணா எறங்கிச்சு. எங்க எடத்துல எதுவும் வந்து நிக்கல. ஏணிய வச்சுக்கிட்டு நின்னேன். ஆபீசர் வந்து ‘போ, சவரி’ன்னார். போகல. பின்னு கையில இருக்கே. யாருகிட்ட குடுக்கறது? யாரும் அத எங்கிட்ட கேக்கவே இல்ல சார். இன்னி வரைக்கும் யாரும் கேக்கல.”

கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் அது தொங்கியது. எண்ணெய் பூசித் துடைத்த எஃகுப் பின். வெளுத்துப்போன சிவப்பு நாடா.

சார் மிக மெதுவாகக் கேட்டார். “நேத்துக் காலையில?”

“நேத்தும் பனிதான் சார்.” அவர் முகம் தெளிவாக இருந்தது. ஒளிக்க ஒன்றுமில்லாத முகம். “மண்ணெண்ணெய் வாசனை. இஞ்சின் புடிச்சிருச்சு. கட்டைய எடுத்து வச்சேன். சுத்திப் பாத்தேன். பின்ன உருவினேன். காட்டினேன். அவர் கட்டை விரலக் காட்டினார்.”

அருள்மேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உருவின பின்னு எங்க சவரியப்பன்?”

“இருக்கே.” சட்டைப் பையில் கை விட்டு எடுத்தார். விரல் நீளம். ஒரு முனையில் புதுச் சிவப்புத் துணி. “இன்னும் திரும்பி வரல. வந்தா சொருகணும்.”

இந்தச் சட்டையைத்தான் அருள்மேரி நேற்று மாலை துவைத்திருக்கிறாள். பையில் இருந்ததை எடுத்துப் பார்த்திருக்கிறாள். புரிந்துகொண்டு, மறுபடி பையிலேயே போட்டுவிட்டு, இரவெல்லாம் மாதாவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இதெல்லாம் அவள் பிறகு சொன்னது. அப்போது அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

சார் எழுந்து போய் ஆணியில் தொங்கிய பின்னை எடுத்து வந்தார். சவரியப்பனின் இன்னொரு உள்ளங்கையில் வைத்தார்.

“ரெண்டையும் பாருங்க” என்றார். “இது உங்க விமானத்தோடது. அது எதோடது?”

சவரியப்பன் பார்த்தார். எடை போடுகிறவர் மாதிரி இரண்டு கையையும் லேசாக ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து வந்த பின்னின் வளைவைப் பெருவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

“இது எஃகு இல்ல” என்றார். “கம்பி. இது... இது நான் வளைச்சு, துணி கட்டி மாட்டினது. நேத்துக் களத்துல. டிரெய்லருக்கு.”

தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது.

“நாகநாதன் அண்ணன் மூட்ட மேல உக்காந்திருந்தாரு” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. “டிரெய்லர் கழண்டுச்சுன்னு சொன்னாங்க. தங்கையன புடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் மேரி. கேட்டுக்கிட்டு இங்கதான் உக்காந்திருந்தேன்.”

“இது கொலை இல்ல சவரியப்பன்” என்றார் சார். “நான் சொல்றேன். கவனக்குறைவுன்னுதான் எழுதுவாங்க.”

“கவனக்குறைவா?” நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “ரொம்பக் கவனமாத்தான் சார் எடுத்தேன்.”

கொலைகாரனைப் பிடிக்கத்தான் நாங்கள் வந்தோம். பஞ்சநதத்தின் ஆளாக இருப்பான், பிடித்து இழுத்துப் போய் ஸ்டேஷனில் தள்ளிவிட்டு நான் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த மனிதரைப் பார்த்துவிட்டு எனக்கு வந்தது அழுகைதான். இவர் வாயைத் திறக்காவிட்டால் அம்சத்தின் புருஷன் திரும்பி வரமாட்டான். திறந்தால் இந்த வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டும்.

அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“தங்கையன எங்க வச்சிருக்காங்க சார்?”

“பாபநாசம் ஸ்டேஷன். சாயங்காலம் கோர்ட்.”

அவர் சுவரைப் பார்த்து நின்றார். சாமான்களை ஒரு முறை எண்ணினார் என்று நினைக்கிறேன். பிறகு அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். தன் கையால் வளைத்த கம்பிப் பின்னைச் சட்டைப் பையில் வைத்தார். விமானத்தின் பின்னை மனைவி கையில் கொடுத்தார்.

“போகாதீங்க” என்றாள் அருள்மேரி. “இவங்க சொல்லட்டும். நீங்க எதுக்கு?”

“நான்தான் மேரி எடுத்தேன். நான்தான் காட்டணும்.”

வாசலில் லாம்ப்ரெட்டா உறுமியது. சவரியப்பன் அதைச் சுற்றி வரக் கால் எடுத்து வைத்தார். இரண்டடி போய் நின்றுவிட்டார். திரும்பி வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு இடமில்லை. நான் அருள்மேரியோடு நின்றுவிட்டேன்.

*

சேதி கேட்டு அம்சம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். வந்த வேகத்தில் ஏதோ கேட்கப் போனவள், அருள்மேரியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றாள். எல்லாவற்றையும் அருள்மேரியே சொன்னாள், சட்டை துவைத்தது உட்பட.

“நேத்தே தெரியுமா உனக்கு?” என்றாள் அம்சம்.

“தெரியும்.”

அம்சம் என்ன செய்வாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அருள்மேரியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கமாக எந்த இடத்திலும் எதையாவது சொல்லிவிடுகிறவள். அன்றைக்கு உள்ளே போய் அடுப்பில் டீயை வைத்துவிட்டு வந்து அவர்கள் பின்னால் உட்கார்ந்தேன்.

பொழுது சாய்ந்துவரும் நேரத்தில் ஆற்றங்கரைப் பக்கமிருந்து லாம்ப்ரெட்டாவின் சத்தம் கேட்டது. மூவரும் எழுந்துகொண்டோம். வளைவில் வண்டி திரும்பியது. முன்னால் சார். பின்னால் ஒரு ஆள்.

அருள்மேரி இரண்டு அடி முன்னே ஓடினாள்.

“ரெண்டு பேரு போனாங்க, ரெண்டு பேருதான் வர்றாங்க” என்றாள். “பாத்தியா அம்சம், ரெண்டு பேரு.”

வண்டி கிட்டே வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தது தங்கையன். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. அம்சம் ஓடினாள். ஓடும்போதே வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வந்தது.

சார் வண்டியை நிறுத்தி இறங்கினார். அருள்மேரியின் முன்னால் வந்து நின்றார். இருபத்தைந்து வருஷம் போலீஸில் இருந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நாளைக்கே ஜாமீனுக்கு வக்கீல் பாக்கறேம்மா. நான் இருக்கேன்.”

அவள் தலையாட்டினாள். கேட்டாளா என்று தெரியவில்லை. சாருக்குத் தர என்று நான் அடுப்பில் வைத்திருந்த டீயைக் கொண்டுவந்து நீட்டினேன். கொதிக்கக் கொதிக்க அப்படியே குடித்துவிட்டார்.

“கிளம்பலாமா வேம்பு?”

நான் அருள்மேரியின் தோளைத் தொட்டேன். “உள்ள வாங்கக்கா. பனி எறங்குது.”

அவள் கையில் அந்தப் பழைய பின் இருந்தது. வெளுத்த நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நீங்க போங்கம்மா” என்றாள். “நான் இங்கயே நிக்கிறேன்.”